வூடி கத்ரி: பாதிப் பாட்டு மட்டும் ஊருக்குத் தெரிந்த பாடகர்

அமெரிக்கப் பள்ளிகளில் பல தலைமுறைக் குழந்தைகள் மனப்பாடமாகப் பாடிய பாட்டு ஒன்று உண்டு. பெயர் ‘திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்’. மேலோட்டமாகக் கேட்டால் நாட்டைப் புகழும் பாட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால், அதை எழுதியவர் எரிச்சலில் எழுதினார். அந்த எரிச்சல் தெரியும் சரணங்கள் மட்டும் எப்படியோ பள்ளிப் புத்தகங்களுக்குள் வராமலே போய்விட்டன.

எழுதியவர் வூடி கத்ரி. 1967-ல், 55 வயதில் இறந்துபோனார். அதற்கு முந்தைய 11 வருடங்களில் பெரும்பகுதி மருத்துவமனையில்தான் கழிந்தது. கிட்டாரைப் பிடிக்க விரல் ஒத்துழைக்கவில்லை. ஆனாலும் பாப் டிலன், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்று அடுத்தடுத்த தலைமுறைகள் அவரிடமிருந்துதான் தொடங்கின. அப்படி என்ன செய்தார் அவர்?

ஒகேமாவும் நெருப்பும்

1912 ஜூலை 14 அன்று, ஓக்லஹோமா மாநிலத்தில் ஒகேமா என்ற சின்ன ஊரில் பிறந்தார் வூடி. அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் நின்ற வுட்ரோ வில்சனின் பெயரையே அப்பா பிள்ளைக்கு வைத்துவிட்டார். முழுப்பெயர் வுட்ரோ வில்சன் கத்ரி. ஊருக்கு அவர் வூடி.

அப்பா சார்லி நிலம் வாங்கி விற்பவர், உள்ளூர் அரசியல்வாதி. கொஞ்ச காலம் வசதியாகவே இருந்தார்கள். அம்மா நோரா பழைய கதைப்பாடல்களைப் பாடுவார். வூடி முதலில் கேட்ட பாடகி அவர்தான்.

ஆனால், அந்தக் குடும்பத்தை நெருப்பு விடவே இல்லை. புதிதாகக் கட்டிய வீடு எரிந்தது. 1919-ல் அக்கா கிளாரா ஆடையில் தீப்பற்றி இறந்தார். அவருக்கு வயது 14. அம்மாவின் நடவடிக்கையும் மெல்ல மெல்ல மாறியது. கை, கால் தானாக உதறும். திடீரென்று கோபம் வரும். அடுத்த நிமிடம் எல்லாம் மறந்துபோகும். 1927-ல் அப்பாவும் கடுமையான தீக்காயங்களோடு தப்பினார். இதற்கும் அம்மாதான் காரணம் என்று ஊர் பேசியது. அவரை நார்மன் நகரத்து மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1930-ல் அங்கேயே இறந்தார்.

ஊர் அதைப் பைத்தியம் என்றது. உண்மையில் அது ஹன்டிங்டன் என்ற பரம்பரை நரம்பு நோய். அந்தப் பெயர் தன் வாழ்க்கையிலும் வரப்போகிறது என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

அப்பா சிகிச்சைக்காக டெக்சாஸ் போய்விட்டார். பதின்ம வயதில் வூடி கிட்டத்தட்டத் தனி ஆள். தெரிந்தவர்கள் வீட்டில் சாப்பாடு, தூக்கம். தெருவில் ஹார்மோனிகா வாசித்து நாலு காசு. அதை அவர் கற்றது, ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த ஒரு கறுப்பின இளைஞரிடம்.

மண் எழுந்து வந்த நாள்

1929-ல் அப்பாவைத் தேடி டெக்சாஸின் பாம்பா நகரத்துக்குப் போனார். பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. ஆனால், ஊர் நூலகத்தைப் பள்ளிக்கூடம் ஆக்கிக்கொண்டார். சித்தப்பா ஜெஃப் கிட்டார் சொல்லிக்கொடுத்தார். கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதிச் சம்பாதித்தார். 1933-ல் மேரி ஜென்னிங்ஸைத் திருமணம் செய்தார். மூன்று குழந்தைகள் பிறந்தன.

1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு கறுப்புச் சுவர் பாம்பாவை நோக்கி வந்தது. மழை மேகம் இல்லை. மண். பட்டப்பகலில் எதிரே இருப்பவர் முகம் தெரியவில்லை. உலகம் முடியப்போகிறது என்றே பலர் நினைத்தார்கள்.

இது எப்படி நடந்தது? முதல் உலகப்போர் காலத்தில் கோதுமைக்கு நல்ல விலை கிடைத்தது. அதனால் சமவெளி முழுக்கப் புல்லைப் பெயர்த்து உழுதார்கள். மண்ணைப் பிடித்து வைத்திருந்தது அந்தப் புல்லின் வேர்கள்தான். 1930-களில் மழை பொய்த்தது. பயிர் கருகியது. பிடிமானம் இல்லாத மேல்மண் காற்றோடு கிளம்பிவிட்டது. ஏற்கெனவே பொருளாதாரப் பெருமந்தம். வங்கிக் கடன் கட்ட முடியாதவர்கள் நிலத்தை இழந்தார்கள். 1940-க்குள் அந்தச் சமவெளி மாநிலங்களை விட்டு சுமார் 25 லட்சம் பேர் வெளியேறியதாகக் கணக்கு.

வூடியும் கிளம்பினார். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, சரக்கு ரயிலிலும் கை காட்டி ஏறிய வண்டிகளிலுமாக 1937-ல் கலிபோர்னியா போய்ச் சேர்ந்தார்.

வானொலிக்கு வந்த ஒரு கடிதம்

கலிபோர்னியா பழத்தோட்டங்களில் வேலை இருக்கிறது என்று நம்பி வந்தவர்களுக்கு அங்கே கிடைத்த பெயர் ‘ஓக்கி’. ஓக்லஹோமாக்காரன் என்ற சொல், வக்கற்றவன் என்ற வசவாக மாறியிருந்தது. 1936-ல் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸார் மாநில எல்லைகளிலேயே நின்று, கையில் காசு இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். உள்நாட்டுக்குள்ளேயே சொந்தக் குடிமக்களுக்கு எல்லைக்காவல்! வூடியின் ‘டூ ரே மி’ பாட்டு இதைப் பற்றியதுதான்.

லாஸ் ஏஞ்சலஸில் கேஎஃப்விடி வானொலியில் அவருக்கு ஒரு நிகழ்ச்சி கிடைத்தது. மாக்சின் கிரிஸ்மன் என்ற பெண்ணோடு சேர்ந்து பாடினார். நாட்டுப்புறப் பேச்சு, கிண்டல், ஊர்க் கதைகள் என்று கலந்துகட்டிய நிகழ்ச்சி. முகாம்களில் அடைந்துகிடந்த மக்களுக்கு அது தங்கள் ஊர்க்குரல். கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வந்தன.

அதில் ஒரு கடிதம் அவரை மாற்றியது. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் இருந்த ஒரு பாட்டை, அவர் யோசிக்காமல் வானொலியில் வழங்கிவிட்டார். அவர் வளர்ந்த சூழலில் அந்தச் சொல் சர்வசாதாரணம். ஒரு கறுப்பின நேயர் அதைக் கண்டித்து எழுதினார். வூடி சாக்குப்போக்குச் சொல்லவில்லை. நிகழ்ச்சியிலேயே அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டி மன்னிப்புக் கேட்டார்.

இதன் கனம் புரிய, ஒகேமாவின் இன்னொரு கதையும் தெரிய வேண்டும். வூடி பிறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1911-ல், அந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பினத் தாயையும் மகனையும் வெள்ளையர் கும்பல் பாலத்தில் தூக்கிலிட்டது. அந்தக் கும்பலில் தன் அப்பாவும் இருந்ததாக வூடியே குறிப்பிட்டிருக்கிறார். பின்னாளில் அந்தக் கொலையைப் பற்றிப் பாட்டுகள் எழுதினார்.

காணாமல் போன சரணங்கள்

1940 பிப்ரவரியில், கடும் குளிரில் கிழக்கே பயணம் செய்து நியூயார்க் வந்தார் வூடி. அப்போது எந்த வானொலியைத் திருப்பினாலும் கேட் ஸ்மித் பாடிய ‘காட் பிளெஸ் அமெரிக்கா’தான். வழியெல்லாம் பசியைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு, எல்லாம் நன்றாக இருப்பதுபோல ஒலித்த அந்தப் பாட்டு எரிச்சலைக் கிளப்பியது. பிப்ரவரி 23 அன்று ஒரு மலிவு விடுதி அறையில் உட்கார்ந்து பதில் எழுதினார். கார்ட்டர் குடும்பம் பாடிப் பிரபலமான ஒரு பழைய மெட்டை ஒட்டி அதற்கு இசை. அப்படிப் பிறந்ததுதான் ‘திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்’.

நாட்டின் அழகைச் சொல்லும் சரணங்கள் அதில் உண்டு. கூடவே இரண்டு காட்சிகளும் உண்டு. ஒன்று, தனியார் சொத்து என்று வழிமறிக்கும் அறிவிப்புப் பலகை. இன்னொன்று, நிவாரண அலுவலக வாசலில் பசியோடு வரிசையில் நிற்கும் மக்கள். 1944-ல்தான் பாட்டைப் பதிவு செய்தார். 1951-ல் வெளிவந்த பதிவில் அந்த இரண்டும் இல்லை. கம்யூனிஸ்ட் வேட்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. பள்ளிகளுக்குள் போனது அந்தச் சுத்தமான வடிவம்தான். சொத்துப் பலகைச் சரணத்தோடு அவர் பாடிய 1944 பதிவு, 1990-களில்தான் ஆவணக் காப்பகத்தில் அகப்பட்டது.

அதுவரை அந்தச் சரணங்கள் எப்படிப் பிழைத்தன? வூடியின் மகன் ஆர்லோ கத்ரி சொல்லும் கதை சுவாரஸ்யமானது. பள்ளியில் எல்லாக் குழந்தைகளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். எழுதியவரின் பிள்ளைக்கு மட்டும் தெரியவில்லை! வீட்டுக்கு வந்ததும் அப்பா கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப்போய், முழுப் பாட்டையும் விடுபட்ட சரணங்களோடு சொல்லிக்கொடுத்தார். 2009-ல் ஒபாமா பதவியேற்பையொட்டி லிங்கன் நினைவிடத்தில் நடந்த விழாவில், 89 வயது பீட் சீகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனோடு சேர்ந்து அவற்றைப் பாடினார். அதைக் கேட்ட பல அமெரிக்கர்களுக்கு, இப்படி வரிகள் இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

ஒரு மாதம், 26 பாட்டு, 266 டாலர்

1940 வூடிக்கு நல்ல வருடம். ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸ் அவரை நாடாளுமன்ற நூலகத்துக்காகப் பல மணி நேரம் பதிவு செய்தார். ‘டஸ்ட் பவுல் பாலட்ஸ்’ இசைத்தட்டுத் தொகுப்பு வந்தது. புகையிலை விளம்பரத்தோடு வந்த வானொலி நிகழ்ச்சியில் கைநிறையச் சம்பளமும் கிடைத்தது. ஆனால், எதைப் பாடலாம், எதைப் பாடக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தபோது வேலையை உதறிவிட்டார்.

1941 மே மாதம் வேறொரு வேலை வந்தது. வடமேற்கு அமெரிக்காவில் கொலம்பியா நதி அணைகளின் மின்சாரத்தை விநியோகிக்கும் அரசு அமைப்பு, மக்களிடம் அதைப் பிரபலப்படுத்தப் பாட்டு கேட்டது. அரசு காரிலேயே நதிக்கரை முழுக்கச் சுற்றினார். ஒரு மாதத்தில் 26 பாட்டுகள் எழுதினார். மொத்தச் சம்பளம் 266 டாலர் 66 சென்ட். அதில் ஒன்றான ‘ரோல் ஆன் கொலம்பியா’ 1987-ல் வாஷிங்டன் மாநிலத்தின் அதிகாரப்பூர்வ நாட்டுப்பாடல் ஆனது.

இங்கே ஒரு நெருடலும் இருக்கிறது. மண்ணை இழந்தவர்களுக்குத் தண்ணீரும் மின்சாரமும் வரும் என்ற நம்பிக்கையில் அவர் அணைகளைக் கொண்டாடினார். ஆனால், கிராண்ட் கூலி அணை சால்மன் மீன்கள் மேல்நதிக்குப் போகும் வழியை அடைத்தது. அந்த மீனை நம்பி வாழ்ந்த பூர்வகுடிகளுக்கு அது பேரிழப்பு. அந்தப் பக்கம் அவர் பாட்டில் வரவில்லை.

கப்பலின் அடித்தளத்தில்

இரண்டாம் உலகப்போர் காலத்தில் அவர் கிட்டாரின் மேல், இந்தக் கருவி பாசிஸ்டுகளைக் கொல்லும் என்ற பொருளில் ஒரு வாசகம் இருந்தது. வாசகத்தோடு நிற்கவில்லை. 1943-ல் வணிகக் கப்பல் பணியில் சேர்ந்தார். அவர் போன மூன்று பயணங்களில் இரண்டு முறை கப்பல் தாக்குதலுக்கு உள்ளானது.

உடன் பயணித்த நண்பர் ஜிம் லாங்கி தன் நினைவுக்குறிப்பில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். எதிரி நீர்மூழ்கிகள் சுற்றும் நேரம். பயத்தில் இருந்த படையினருக்குப் பாட வூடி கீழ்த்தளத்துக்கு இறங்கினார். எங்கிருந்தோ இன்னொரு பாட்டுச் சத்தம். தேடிப்போனால், கறுப்பினச் சிப்பாய்கள் தனியாக ஒதுக்கப்பட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் வந்தால்தான் பாடுவேன் என்று பிடிவாதமாக நின்றார் வூடி. கடைசியில் அதிகாரிகள் இறங்கிவந்தார்கள். இரு தரப்பும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டது. வானொலிக்கு வந்த அந்தக் கடிதத்துக்கும் இந்த இரவுக்கும் நடுவே ஏழு வருடம்கூட ஆகவில்லை.

கேத்தி

வூடி எல்லா விதத்திலும் நல்ல மனிதரா? முதல் மனைவி மேரியைக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். மாதக்கணக்கில் வீட்டுப் பக்கம் வராத கணவர் அவர். அந்தத் திருமணம் முறிந்தது. 1945-ல் மார்த்தா கிரஹாம் குழுவின் நடனக் கலைஞர் மார்ஜரி மேசியாவைத் திருமணம் செய்தார். நியூயார்க்கின் கோனி தீவில், மெர்மெய்ட் அவென்யூவில் குடியிருந்தார்கள்.

மூத்த மகள் கேத்தி ஆன். அவள் உளறும் சொற்களையும் கேட்கும் கேள்விகளையும் அப்படியே பிடித்துக் குழந்தைப் பாட்டுகள் எழுதினார் வூடி. அதற்கு முன் குழந்தைகள் பாட்டில் பெரியவர்கள்தான் பேசினார்கள். இவர் பாட்டில் குழந்தையே பேசியது.

1947 பிப்ரவரியில் வீட்டில் மின்கசிவால் தீப்பிடித்தது. நான்கு வயது கேத்தி இறந்தாள். ஒகேமாவின் நெருப்பு கடற்கரை வீடு வரை துரத்திவந்துவிட்டது. அதன் பிறகு வூடி பழைய வூடி இல்லை என்றார்கள் நண்பர்கள்.

பெயர் இல்லாத 28 பேர்

1948 ஜனவரி 28. கலிபோர்னியாவின் லாஸ் கேட்டோஸ் பள்ளத்தாக்கில் ஒரு விமானம் விழுந்து 32 பேர் இறந்தார்கள். அதில் 28 பேர் மெக்சிகோவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த பண்ணைத் தொழிலாளர்கள். நாடு முழுக்கப் பரவிய செய்தியில் விமானிகள், பணிப்பெண், காவலர் என நான்கு அமெரிக்கர்களின் பெயர் இருந்தது. மற்ற 28 பேருக்கும் ஒரே பெயர்: நாடு கடத்தப்படுபவர்கள்.

வூடியை உறுத்தியது அதுதான். பழம் பறிக்க ஆள் வேண்டும்போது கூப்பிட்ட நாடு, சாகும்போது பெயர்கூடச் சொல்லவில்லையே? இறந்தவர்களுக்கு அவரே பெயர் சூட்டி ‘டிபோர்ட்டீ’ என்ற பாட்டாக எழுதினார். சுமார் பத்து வருடம் கழித்து மார்ட்டின் ஹாஃப்மன் என்ற ஆசிரியர் அதற்கு மெட்டுப் போட்டார். அது உலகம் சுற்றியது. கடைசியில் எழுத்தாளர் டிம் இசட். ஹெர்னாண்டஸ் தேடியலைந்து உண்மைப் பெயர்களைக் கண்டுபிடித்தார். 2013 செப்டம்பரில் ஃபிரெஸ்னோ நகரக் கல்லறையில், அவர்கள் மொத்தமாகப் புதைக்கப்பட்ட இடத்தில், 28 பெயர்களும் கல்லில் ஏறின. 65 வருடம் ஆனது.

வாடகை வீட்டுப் பிரச்சினையும் அவர் பாட்டில் உண்டு. 1950 டிசம்பரில் புரூக்ளினில் பீச் ஹேவன் என்ற குடியிருப்புக்குக் குடிபோனார். அரசு உத்தரவாதக் கடனில் கட்டிய வீடுகள். ஆனால், கறுப்பினத்தவர் யாரும் குடியிருக்கவில்லை. உரிமையாளர் ஃபிரெட் டிரம்ப், அதிபர் டொனால்ட் டிரம்பின் அப்பா. கொதித்துப்போய் வூடி தன் நோட்டுகளில் எழுதிவைத்த வரிகளை, ஆய்வாளர் வில் காஃப்மன் 2016-ல் வெளியே கொண்டுவந்தார். இடையில் 1973-ல் அமெரிக்க நீதித்துறை, இனப் பாகுபாடு காட்டியதாக டிரம்ப் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. 1975-ல் தவறை ஒப்புக்கொள்ளாமலே நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

அம்மாவின் நோய்

1940-களின் கடைசியில் வூடியின் நடை தள்ளாடத் தொடங்கியது. பேச்சு குழறியது. குடிப்பழக்கம் என்றார்கள் சிலர், மனநோய் என்றார்கள் சிலர். 1952-ல் சரியான பெயர் கிடைத்தது: ஹன்டிங்டன்.

இந்த நோய் எப்படி வருகிறது? ஒரு மரபணுவில் ஏற்படும் கோளாறு காரணம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கான வாய்ப்பு 50 சதவீதம். காசு சுண்டிப் பார்ப்பதுபோல. பெரும்பாலும் 30 வயதுக்கு மேல்தான் அறிகுறி தெரியும். அதற்குள் பலருக்குக் கல்யாணமாகிக் குழந்தைகள் பிறந்துவிடும். மூளை செல்கள் மெல்ல அழியும். உடல் அசைவு, நினைவு, குணம் எல்லாம் மாறும். இன்றுவரை முழுமையான சிகிச்சை இல்லை.

1956-லிருந்து நியூஜெர்சியின் கிரேஸ்டோன் மருத்துவமனை, பிறகு நியூயார்க் மருத்துவமனைகள். அந்த ஆண்டு மார்ச்சில் அவர் பிள்ளைகளுக்கு நிதி திரட்ட நண்பர்கள் ஒரு கச்சேரி வைத்தார்கள். முடிவில் அரங்கமே எழுந்து அவர் பாட்டைப் பாடியபோது, மாடத்தில் உட்கார்ந்திருந்த வூடியும் தடுமாறி எழுந்து நின்றார்.

1961 ஜனவரியில் மினசோட்டாவிலிருந்து 19 வயதுப் பையன் ஒருவன் அவரைத் தேடி வந்தான். வூடியின் சுயசரிதை ‘பவுண்ட் ஃபார் குளோரி’யைப் படித்துவிட்டு அவரைப் போலவே பேச, பாட ஆரம்பித்திருந்த பையன். நோயாளிக்கு முன்னால் உட்கார்ந்து அவருடைய பாட்டுகளையே பாடிக் காட்டினான். பெயர் பாப் டிலன். முதல் ஆல்பத்தில் அவர் எழுதிய இரண்டே சொந்தப் பாட்டுகளில் ஒன்று வூடிக்கானது. 2016-ல் அவருக்கு இலக்கிய நோபல் கிடைத்தது.

மார்ஜரி செய்த வேலை

வூடியை விவாகரத்து செய்திருந்தாலும், அவர் இறக்கும்வரை பார்த்துக்கொண்டவர் மார்ஜரி. 1967 அக்டோபர் 3 அன்று வூடி இறந்தார். அதே ஆண்டு மார்ஜரி ஹன்டிங்டன் நோயை எதிர்த்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். வெட்கப்பட்டு மறைத்துவைத்த குடும்பங்களைத் தேடித்தேடி ஒன்று சேர்த்தார். 1976-ல் அமெரிக்க அரசு இந்நோய்க்காக அமைத்த ஆணையத்துக்கு அவரே தலைவரானார். 1983-ல், அவர் மறைந்த அதே ஆண்டில், நோய்க்கான மரபணு எந்த இடத்தில் இருக்கிறது என்ற தடயம் கிடைத்தது. 1993-ல் மரபணுவே கண்டுபிடிக்கப்பட்டது. இன்று ரத்தப் பரிசோதனையில் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்.

அது வூடியின் மூத்த மகள்களுக்கு உதவவில்லை. முதல் திருமணத்தில் பிறந்த இரண்டு பெண்களும் அதே நோயில், இருவருமே 41 வயதில் இறந்தார்கள்.

மிச்சம் 3,000 பாட்டு

வூடி விட்டுப்போனது சுமார் 3,000 பாட்டுகள். பெரும்பாலானவை வெறும் வரிகள். மெட்டு அவர் தலையோடு போய்விட்டது. மகள் நோரா கத்ரி அந்தக் காகிதங்களைப் பத்திரமாக வைத்துப் பூட்டிவிடவில்லை. இளம் இசைக்கலைஞர்களிடம் கொடுத்து மெட்டமைக்கச் சொன்னார். 1998-ல் பில்லி பிராக், வில்கோ குழு இணைந்து வெளியிட்ட ‘மெர்மெய்ட் அவென்யூ’ அப்படி வந்ததுதான். 2013-ல் துல்சா நகரில் அவர் பெயரில் அருங்காட்சியகம் திறந்தது.

சொந்த ஊரான ஒகேமா மட்டும் ரொம்ப நாள் யோசித்தது. கம்யூனிஸ்ட் என்று பேர் வாங்கியவருக்கு மரியாதை செய்வதா என்ற சண்டை அங்கே பல வருடம் ஓடியது. 1972-ல் ஊர்த் தண்ணீர்த் தொட்டியில், இது வூடி கத்ரியின் ஊர் என்று எழுதினார்கள். 1998-லிருந்து ஒவ்வொரு ஜூலையிலும் அவர் பிறந்தநாளையொட்டி அங்கே இசை விழா நடக்கிறது. மேடையில் அவர் பாட்டைப் பாடுகிறவர்கள் இப்போது எல்லாச் சரணங்களையும் பாடலாம். யாரும் தடுப்பதில்லை.